மூன்று கிழட்டு ஆண்களும் ஒரு கிண்ணம் முட்டையும்

அந்த மீன் ஆய்வுக்கூடத்தில் ஊசியம்மா என்றால்தான் அவளைத் தெரியும். முட்டையிலிருந்து வெளிவந்து சில நாளே ஆன மீன்குஞ்சுகளின் வயிற்றில் கண்ணாடி ஊசி ஏற்றுவது அவள் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டாளென்றால் மூச்சுகூட அவளைக் கேட்டுத்தான் வரும்.

ஆற்றில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த பெரிய மீன் இனத்தில் மிஞ்சியவை மூன்று கிழட்டு ஆண்கள் மட்டுமே. எல்லோரும் கைகழுவிவிட்டபோது, ஆய்வுக்கூடத் தலைவியான டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். அந்த ஆண்களின் உடலிலிருந்து, விந்தாகவோ முட்டையாகவோ மாறக்கூடிய இளம் இனச்செல்களை எடுத்து, வேறொரு சின்ன மீன் இனத்தின் பெண் குஞ்சுகளுக்குள் செலுத்தினால், அங்கே அவை முட்டையாக வளரலாம். அந்தச் சின்ன மீன்கள் மலடாக்கப்பட்டவை. ஆகவே முட்டை என்று ஒன்று வந்தால் அது பெரிய மீனுடையதுதான்.

"ஆம்பளகிட்டேருந்து முட்டையா? நல்லவேளை, நான் மீனாப் பொறக்கல" என்றான் பஸ் ஓட்டும் அவள் கணவன்.

மூவாயிரம் குஞ்சுகளுக்கு ஊசி போட்டாள். பெரும்பாலானவை செத்தன. இரண்டு வருடம் கழித்து பத்தொன்பது பெண் மீன்கள் மிஞ்சின. ஒன்றும் முட்டை போடவில்லை. தொட்டியைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது.

"போதும், விட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா, முகத்தைப் பார்க்காமல்.

"மேடம், ஊசி போட்டவ நான். கடைசியா ஒவ்வொண்ணா வயித்தத் தடவிப் பாத்துடறேனே."

பதினேழு மீன்களின் வயிறு தட்டையாகவே இருந்தது. பதினெட்டாவது மீனைக் கையில் எடுத்ததுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது: வயிறு மெத்தென்று கனத்திருந்தது. லேசாக வருடினாள். கிண்ணத்தில் ஆரஞ்சு நிற முட்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"மேடம்!" என்ற சத்தத்தில் டாக்டரம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார். "பாத்துட்டே நிக்காதீங்க, கிழவன்ல ஒருத்தனப் பிடிங்க!" என்றாள் ஊசியம்மா. டாக்டரம்மா மீனைப் பிடித்துக்கொள்ள, அவளே விந்தெடுத்து முட்டையோடு கலந்தாள்.

நாற்பத்தொரு குஞ்சுகள் பிழைத்தன. சின்ன மீனின் சாயல் துளிகூட இல்லை. பக்கவாட்டில் பெரிய மீனுக்கே உரிய கரும்புள்ளிகள். மரபணுச் சோதனையும் அதையே சொன்னது.

தொட்டியைக் காலி செய்யச் சொன்ன அதிகாரிகளே பார்க்க வந்தார்கள். வழக்கமாக ஆள் வந்தால் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும் ஊசியம்மாவை டாக்டரம்மா தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இது யார் கைவேலை?" என்று கேட்டார் ஒருவர்.

"என்னோடது" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இதுல பதினொண்ணு பொண்ணுங்க சார். இனிமே முட்டைய அதுங்களே பாத்துக்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவன் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் அவனே சொல்லிக்கொண்டு போனானாம்.