கூட்டாத வீடு

குழந்தைகளின் வீசிங்குக்கும் வீட்டுத் தூசிக்கும் உள்ள தொடர்பை ஆராயும் டாக்டர் வின்சி, கோட்டையூர் வீடுகளுக்குப் போன் செய்துவிட்டுத்தான் போனார். போன இடமெல்லாம் பினாயில் வாசம். டாக்டர் வருகிறாரே என்று தரையைக் கழுவி, மெத்தையை உதறி வெயிலில் போட்டிருந்தார்கள். அவர் கொண்டுபோன குப்பிகளில் தூசியே சேரவில்லை.

"கிடைச்சதை வச்சு ரிப்போர்ட்டை முடிங்க" என்றார் ஆராய்ச்சித் தலைவர் போனில்.

"கழுவின வீட்டைப் பார்த்து நான் ரிப்போர்ட் எழுத மாட்டேன் சார்" என்று போனை வைத்தார் வின்சி.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சீதை வீட்டுக் கதவைத் தட்டினார். சீதையின் மகள் அக்ஷராவுக்கு அடிக்கடி மூச்சிரைக்கும். கையில் விளக்குமாற்றோடு சீதை வாசலை மறித்து நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா டாக்டர்? வீடு போட்டது போட்டபடி கெடக்கு. பார்க்கிறவுக என்ன நினைப்பாக? செத்த இருங்க, கூட்டிட்டு வாரேன்."

"கூட்டுனீகன்னா நான் திரும்பிப் போயிருவேன் ஆச்சி. பார்க்கிறவுகளா வந்து உங்க மகளுக்கு மூச்சு விடப் போறாக?"

உள்ளே அக்ஷரா இருமினாள். சீதை விளக்குமாற்றை மூலையில் விட்டெறிந்தாள்.

"அவ கட்டிலுக்கடியில எடுங்க டாக்டர். எவ பேசினாலும் பேசிட்டுப் போகட்டும். பொங்கலுக்கு அப்புறம் அங்குட்டு நான் கூட்டவே இல்லை."