ஓரெழுத்துப் பட்டியல்

கழுத்தில் பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டால் பிரெஞ்சு தானாக வந்து தொண்டையில் உட்கார்ந்துவிடும் என்று இந்த ஆளிடம் யார் சொன்னது?

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. எட்டு வருஷமாகச் சொன்னதில்லை. எதிர் மேசைக்காரருக்குப் பண்டிதர் என்று அலுவலகம் கேலியாகப் பெயர் வைத்திருந்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். ஆங்கிலக் கையேடுகளைப் பிரெஞ்சில் பெயர்த்துத் தரும் இடம் அது. வாக்கியங்களெல்லாம் அவள் தலையில். சுருக்கங்களும் ஒற்றை எழுத்துகளும் பண்டிதர் பொறுப்பு. வாக்கியத்தை எவரும் பெயர்த்துவிடலாம், எழுத்துக்குத்தான் ஞானம் வேண்டும் என்பது அவர் கட்சி.

காலையில் அந்த ஞானம் பட்டியலாக வந்து அவள் மேசையில் விழுந்திருந்தது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் இயந்திரத்தின் கையேட்டுக்கானது. நூற்றுப் பன்னிரண்டு வரிகள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் பிரெஞ்சு. மனிதர் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இயந்திரம் செய்த நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கத்துக்கே பிரெஞ்சில் புதுப்பெயர் சூட்டியிருந்தார். நிறுத்துவதற்கான 'ஸ்டாப்'பின் எஸ் போய், 'அரே' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தான ஏ வந்திருந்தது. கையேடு முழுக்க ஒரே தட்டில் மாற்றியும் ஆயிற்று.

இயந்திரத்தின் படம் ஒன்று வேண்டுமென்று போன வாரமே கேட்டிருந்தாள். "படம் எதுக்கும்மா, நாம என்ன ரிப்பேரா பண்ணப்போறோம்?" என்று முதலாளி சிரித்தார். முதலாளி அவளுடைய அக்காவின் கணவர். அதனால் அவளும் கூடச் சிரித்துவைத்தாள். பிறகு தயாரிப்பாளருக்கு நேராகவே எழுதிப்போட்டாள். மதியம் படம் வந்தது.

சாம்பல் நிறப் பெட்டி. ஆறு பொத்தான்கள். கீழே சிவப்பாக எஸ். மேலே இடது மூலையில் ஏ. அது அலாரத்தின் சத்தத்தை மட்டும் அடக்குவது.

அவள் கையேட்டைப் புரட்டினாள். 'ஆபத்து நேர்ந்தால் உடனே ஏ-யை அழுத்தவும்.' அழுத்துவாள், யாரோ ஒரு நர்ஸ். சத்தம் நின்றுவிடும். அப்பாடா என்று திரும்பிப் போவாள். மருந்து மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அவள் படத்தை எதிர் மேசைக்கு நீட்டினாள். "பொத்தான்ல எஸ்னு பொறிச்சிருக்காங்க. அதை நாம மாத்த முடியாதுங்களே."

பண்டிதர் படத்தை எட்டவைத்துப் பார்த்தார். "அது செஞ்சவன் தப்பு. எஸ்ஸைப் பார்த்தா ஒரு பிரெஞ்சுக்காரன் என்னம்மா நினைப்பான்?"

"புத்தகத்துல எஸ்னு இருந்தா எஸ்ஸை அழுத்துவான். அவனுக்கும் கண்ணு இருக்கே."

"ஒத்தை எழுத்துக்கு இவ்வளவு ரகளையா? நான் பிரான்ஸ்லயே ரெண்டு வருஷம் இருந்தவன், தெரியுமில்ல?"

இருந்தீர், துணி வாங்கினீர், திரும்பி வந்தீர். இதுவும் உள்ளேயே நின்றது.

பேச்சுச் சத்தம் கேட்டு முதலாளி சான்றுத்தாளோடு வந்தார். 'மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக்கான கோடு. அந்த அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் உரிமமும் முத்திரையும் அவளிடம் மட்டுமே இருந்தன.

"நாலு மணிக்குள்ள அனுப்பணும். சட்டுனு போட்டுக் குடு."

"ஒரு மணி நேரம் குடுங்க அத்தான். எழுத்தையெல்லாம் பழையபடி மாத்திடறேன்."

"அவர் பட்டியல்ல நீ கை வெச்சா மனுஷன் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவார். அவரைக் காட்டித்தான் இந்த வேலையையே பிடிச்சேன்."

பண்டிதர் ஜன்னலைப் பார்த்தபடி கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

"தப்பான பொத்தானை அழுத்தினா ஆள் செத்துப்போகலாம் அத்தான்."

"உடனே சாவு வரைக்கும் போயிடுவியே! நர்ஸுங்களுக்குப் பழக்கத்துலயே தெரியும். அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம். வேணும்னா உங்க அக்காகிட்டக் கேளு, அவளும் இதையேதான் சொல்லுவா."

சொல்லுவாள். அக்காவுக்கு அத்தானின் வாய்தான் இரவல்.

துணி துவைக்கும் இயந்திரம், காபி இயந்திரம், புல் வெட்டும் இயந்திரம்: பண்டிதரின் எல்லாப் பட்டியலுக்கும் அவள் கையெழுத்து இருந்தது. ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் அவரைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, அந்தத் திருப்தியோடு பேனாவை எடுத்திருக்கிறாள். உள்ளே அவ்வளவு சிரித்ததால்தான் வெளியே அவ்வளவு லகுவாகக் கையெழுத்து வந்திருக்கிறது. ஏளனம் தன்னை அவர்களிடமிருந்து பிரித்துக்காட்டுகிறது என்று நம்பியிருந்தாள். சான்றுத்தாளில் அப்படி ஒரு பிரிவு எங்கேயும் தெரியவில்லை. அவள் பெயர் இருந்தது, அவ்வளவுதான். பண்டிதராவது தன் பட்டியலை நம்பினார்.

இப்போதும் ஒரு கிண்டலைத் தேடிப்பார்த்தாள். வரவில்லை. முகம் தெரியாத அந்த நர்ஸின் விரல்தான் மேல் மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா யோசனை? போடு." முதலாளி தன் பேனாவையே திறந்து நீட்டினார்.

அவள் அதை வாங்கி, மூடி போட்டு, சான்றுத்தாளின் மேல் வைத்தாள். இழுப்பறையிலிருந்த முத்திரையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கு நான் போடல, அத்தான்."