பொய்ச்சாவுக்குப் பாடிய ஒப்பாரி

சவப்பெட்டிக்குள் அம்மாவின் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்த சுதர்சினியின் தோளில் அண்ணன் கை வைத்தான்.

“கொஞ்சம் வெளிய வா.”

“என்னான்னு இங்கயே சொல்லுண்ணே.”

இந்திரகுமார் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “தனோஜனோட மேனேஜர் மெட்ராஸ்ல இருந்து பேசினாரு. பெரிய மலர்வளையம் அனுப்புறாங்களாம். அவரு பேரு போட்டு.”

“வரட்டும்.”

“அந்தப் படத்த மட்டும் யூடியூப்ல இருந்து எடுத்துரச் சொல்றாங்க. நான் சரின்னுட்டேன்.”

அவள் கை முந்தானையிலேயே நின்றது.

சின்னப் படம். ரத்தோட்டை ஊர்ப் பையன் ஷிஹாம் இரவல் கேமராவில் எடுத்தது. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது சேனலை அவளிடம் விட்டுப்போயிருந்தான். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குப் போகச் சோம்பி, செத்ததுபோல் படுத்துக்கொள்ளும் மகன். பொய் என்று தெரிந்தும் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்தே அவனை எழுப்பிவிடுகிற தாய். மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தவன் மாத்தளை டவுன் பையன் தனோஜன். இன்று சென்னையில் அவனுக்குக் கட்அவுட் வைக்கிறார்கள். தாயாக நடித்தவள் அம்மா. கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து, பாட்டையும் நின்ற இடத்தில் தானே கட்டிப் பாடினாள்.

“அதுல அவரு பொணமா கெடக்குறாரு. புதுப்படம் வர்ற நேரம், வெட்டி வெட்டிப் போட்டுக் கிண்டல் பண்றானுங்களாம்.”

“அவரு கெடக்குறாரு. பாடுறது யாரு?”

“எனக்கு மட்டும் வெக்கமா இல்லியா? ஸ்கூல்ல நான் வகுப்புக்குள்ள போனாலே புள்ளைங்க அந்தப் பாட்டத்தான் முணுமுணுக்குதுங்க. எழவு வீட்டுல சண்ட வேணாம். போனக் குடு.”

“அம்மா கொரலு வேற எதுல இருக்கு, சொல்லு? ஒன் கல்யாண வீடியோவுலகூட அம்மா குசினி அடுப்படியிலதான் நிக்குது.”

இந்திரகுமார் போனுக்காக நீட்டிய கையை மடக்கவில்லை.

“அவருக்கு வெக்கமா இருந்தா கண்ண மூடிக்கிரட்டும். படுத்துக் கெடந்தப்ப நல்லாத்தான மூடினாரு?”

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கிறுக்குச் சிறுக்கி, நேரங்காலம் தெரியாம!”

சுதர்சினி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. மகனே என்று வருகிற இடத்தை மட்டும் மாற்றினாள்.

“பெரட்டுத் தப்பு அடிச்சாச்சே, பெத்தவளே எந்திரிம்மா!
மெரட்ட வரும் கங்காணிக்கு மறுமொழி என்ன சொல்ல?”

“ஏய்!” என்றான் அண்ணன்.

பெரியம்மா நகர்ந்து வந்து, சுதர்சினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டாம் அடியைத் திருப்பிப் பாடினாள். அதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

“கூடையெல்லாம் காத்திருக்கு, கொழுந்தெல்லாம் முத்திருச்சு,
பாடையில படுத்துக்கிட்டுப் பாசாங்கு என்ன சொல்லு!”

படத்தில் இந்த இடத்தில்தான் பிணம் தும்மும். பார்த்துப் பார்த்துப் பழகிய பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று நிறுத்தினார்கள். எல்லார் கண்ணும் பெட்டிக்குள் போனது. இந்திரகுமாரின் கண்ணும்.

வாசலில் நெருப்பில் காட்டிக்கொண்டிருந்த தப்புமேளத்தை ஒருவர் எடுத்து, விரலால் தட்டிப் பார்த்தார்.

சுதர்சினி மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த அடியை இன்னும் உரக்கப் பிடித்தாள்.