கரீமுல்லா போட்ட கடைக்கால்

அடையாற்றில் ரகுபதி வாங்கிய மனையில் வீடு கட்டித் தரக் கரீமுல்லா ஒப்பந்தம் போட்டார். இருவரும் முத்திரைக் காகிதத்தில் கையெழுத்திட்டார்கள். கடைக்கால் தோண்டி, கருங்கல் போட்டுத் தரைமட்டம் வரை எழுப்பியாயிற்று. கதவுகளுக்குத் தேக்கும் அறுத்து வைத்தாயிற்று. அப்போதுதான் மயிலாப்பூரிலிருந்து ரகுபதி வந்து நின்றார்.

"வேலையை நிறுத்திடுங்கோ பாய். மச்சினன் ரங்கூன்லேர்ந்து வந்துட்டான். அவனே கட்டித் தரேங்கறான். ஆத்துல எல்லாரும் அதுதான் சரிங்கறா."

"கையெழுத்துப் போட்டீங்களே சாமி?"

"முன்பணம் வாங்கிண்டேளோன்னோ? அதோட சரி."

அவர் போனதும் மேஸ்திரி அங்கமுத்து மண்வெட்டியைத் தூக்கி எறிந்தான். "நாம எடத்த வுட்டு நவுரக் கூடாது பாய். இங்கயே குந்திக்கலாம். எவன் வந்து கல்லு வெக்கிறான்னு பாத்துடலாம்."

கரீமுல்லாவுக்கும் அதே ஆத்திரம்தான். ஆனாலும் அவர் நேராகச் சைதாப்பேட்டைக்குப் போய் வக்கீல் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்.

"முதல்ல ஆளுங்களை அங்கிருந்து கிளப்புங்க" என்றார் வக்கீல். "மனை அவரோடது. அங்க உட்கார்ந்தா கேஸ் உங்க மேல திரும்பும். உங்களை வெச்சுத்தான் கட்டணும்னு கோர்ட் அவரைக் கட்டாயப்படுத்தாது. ஆனா செஞ்ச வேலைக்குக் கூலி கேட்கலாம். கைவிட்டுப் போன லாபத்தையும் கேட்கலாம்."

"அறுத்த தேக்கு கீதே?"

"வித்துடுங்க. வேற வேலை வந்தா எடுத்துக்குங்க. நஷ்டத்தைக் குறைக்க நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஜட்ஜ் கேட்பார். கையைக் கட்டிக்கிட்டு இருந்தா அது உங்களுக்கே பாதகம். நான் வேலையை முடிக்கத் தயார்னு இன்னிக்கே ஒரு நோட்டீஸ் அனுப்பிடலாம்."

தடவித் தடவிப் பொறுக்கிய தேக்கைக் கரீமுல்லா விற்றார். ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய வீட்டு வேலையை ஒப்புக்கொண்டார். நோட்டீசுக்குப் பதில் வராததால் வழக்குப் போட்டார்.

அதற்கு ரகுபதி கொடுத்த பதில்தான் கரீமுல்லாவைச் சாய்த்தது. கடைக்காலில் ஆழம் இல்லை, சுண்ணாம்பும் குறைவு, அதனால்தான் வேலையை நிறுத்தினேன் என்று எழுதியிருந்தார். அந்தப் பேச்சு ஆழ்வார்பேட்டை வரை போய்விட்டது. அங்கே வீட்டுக்காரர் தினமும் வந்து கலவையைக் கையில் அள்ளிப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு வருஷம் கழித்து, விசாரணைக்குச் சில நாள் முன்பு ரகுபதியின் ஆள் வீடு தேடி வந்தான். கேட்டதில் பாதி தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்றான்.

"வாங்கிடுங்களேன்" என்றாள் மனைவி அஸ்மத்துன்னிசா. "எத்தினி நாளு கோர்ட்டுக்கு நடப்பீங்க?"

"பாதிய வாங்கிக்கினு போனா அவரு எழுதினது நெசம்னு ஆயிடும். அப்புறம் எவன் என்னை நம்பி வூடு கட்டச் சொல்லுவான்?"

அஸ்மத்துன்னிசா எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே நின்றவனிடம் அவளே சொன்னாள்: "கோர்ட்லயே பாத்துக்கலாம்னு சொல்லுப்பா."

சாட்சிக் கூண்டில் ஏறிய ரகுபதியிடம் பஞ்சாட்சரம் அமைதியாகக் கேட்டார்: "உங்க மச்சினர் புதுசாக் கடைக்கால் தோண்டினாரா?"

"இல்லை."

"அப்போ சுவரை எது மேல எழுப்பினார்?"

ரகுபதி தம் வக்கீலைப் பார்த்தார். "ஏற்கெனவே இருந்தது மேலேதான்."

"மாடியும் எடுத்தாச்சு இல்லையா?"

"ஆச்சு."

"ஆழமில்லாத கடைக்கால்மேல மாடி எடுத்து, குடும்பத்தோட குடியும் போயிருக்கீங்க?"

நீதிபதியான முன்சீப் அதை எழுதிக்கொண்டார்.

வேலையில் குறையில்லை என்று தீர்ப்பு வந்தது. முன்பணம் போக, செய்த வேலைக்கு முழுக் கூலியும் கைவிட்டுப் போன லாபமும் தரச் சொன்னார்கள். லாபத்தில் மட்டும் ஆழ்வார்பேட்டையில் சம்பாதித்ததைக் கழித்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு அங்கமுத்து முணுமுணுத்தான்.

"இது இன்னா ஞாயம் பாய்? நீ ஒழைச்சதப் போயி கழிக்கிறாங்களே?"

"ஒரே நாளுக்கு ரெண்டு கூலி கேக்க முடியுமா? குறையில்லைன்னு எழுதிட்டாங்க, அது போதும். அவரு குடுக்கலைன்னா திரும்ப மனு போடலாம், வக்கீலு சொல்லிட்டாரு. நீ நட, அங்க ஆளுங்க காத்துக்கினு இருப்பாங்க."

இருவரும் ஆழ்வார்பேட்டைக்கு நடந்தார்கள். சின்ன வீடு முடிந்து, அடுத்த மனையில் எடுத்திருந்த வீட்டுக்கு அன்று பிற்பகலே நிலைப்படி வைத்தார்கள்.