மூன்றாவது குழி

இப்போதெல்லாம் எவனும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை என்று கதோகோவுக்கு ஆத்திரம். அவர் மகள் ஞாவிரா முதன்முறையாகத் தனியே விமானத்தை இறக்கப்போகிறாள். கொட்டகை வாசலில் நின்ற நாலு பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். போதாததற்கு, இறங்கியதும் அவள் தலையில் ஊற்ற ஒரு வாளித் தண்ணீர் வேறு.

"இறங்கறதுக்கு முன்னாடியே எதுக்குய்யா தண்ணி?"

"வழக்கம், பெரியவரே," என்றான் பயிற்சியாளன் முதிசோ. "எனக்கு இஞ்சின் எண்ணெயே ஊத்தினாங்க."

நன்யூகி ஊருக்கு வெளியே அந்தப் புல் ஓடுதளத்தில் கதோகோவுக்குப் பதினெட்டு வருஷ வேலை: காட்டுப்பன்றிகளை விரட்டுவதும், சக்கரம் பெயர்த்த குழிகளை மண் போட்டு மிதிப்பதும். எழுத்து தெரியாது, குழி தெரியும். ஒற்றைக் குழி என்றால் ஒன்றுமில்லை. இரண்டு என்றால் விமானம் குதித்திருக்கிறது, ஓட்டியவன் பயந்து மூக்கை அமுக்கியிருக்கிறான். மூன்றாவது குழியின் பக்கத்தில், விமான மூக்கில் சுழலும் விசிறியின் உடைந்த துண்டு கிடக்கும். ஐந்து தடவை பொறுக்கியிருக்கிறார். ஒரு தடவை அதில் ரத்தம் இருந்தது.

மலைப்பக்கமிருந்து விமானம் வேகமாக வந்தது. தரையில் பட்டு எழும்பியது. மறுபடி பட்டு, இன்னும் உயரமாக எழும்பியது. மூக்கு கீழே சாய்ந்தது. முதிசோவின் சிரிப்பு நின்றுபோனது.

அப்போது இஞ்சின் அலறியது. மூன்றாம் முறை தரையைத் தொடாமல் விமானம் மெல்ல மூக்கைத் தூக்கி ஏறிப்போய்விட்டது.

"ஓடிட்டா," என்றார் கதோகோ.

"ஓடலை பெரியவரே. அதான் சரி. கெட்டுப்போனதைச் சரி பண்ணப் பாக்காம, சுத்திட்டு மறுபடி வரணும். நூறு தடவை சொன்னேன். இன்னைக்குத்தான் காதுல ஏறியிருக்கு."

அடுத்த முறை ஒரே தட்டு. உருண்டுவந்து நின்றாள். கதோகோ வாளியருகே குந்தி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தார்.

"பெரியவரே, அது உங்க மகளுக்கு."

"மிச்சம் இருக்கில்ல, ஊத்து."

ஞாவிரா சொட்டச் சொட்ட அவரிடம் வந்தாள். "பாத்தியாப்பா?"

"ரெண்டு குழி வெட்டியிருக்க."

"மூணாவது வெட்டலையே."

"நாளைக்கும் வெட்டாம இரு. அப்புறம் பேசலாம்."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். முதல் குழியை மூடினார். இரண்டாவதையும் மூடினார். பிறகு, மூன்றாவது விழவேண்டிய இடம் வரை காலடியால் அளந்து போனார். புல் நிமிர்ந்து நின்றது. காலால் விலக்கிப் பார்த்தார். தலையை ஆட்டியபடி நடந்தவர், நாலடி போய் மறுபடி திரும்பிப் பார்த்தார்.