சிவப்பு முள் காட்டிய முகூர்த்தம்

மணவறையில் உட்கார்ந்திருந்த கோகிலாவுக்கு அன்று வேண்டியதெல்லாம் ஒரே ஒரு தாலி. கட்டப்போகிற நடராஜன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. நிச்சயம் ஆன மூன்று மாதமாக அவளுக்கு அவன் நினைப்புத்தான். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வாரமே ஆகியிருந்ததால் அவர்கள் வசித்த காஜா பெராங்கில் கொடித் தோரணங்கள் இன்னும் இறங்கவில்லை.

நடராஜன் தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, அவனை வளர்த்த பெரியப்பா விநாயகம் "நிறுத்து" என்றார். கப்பலில் உழைத்து வாங்கிய தங்கக் கடிகாரம் அவர் மணிக்கட்டில் மின்னியது. மலாயா நேரத்துக்கு வழக்கமான முட்கள், இந்திய நேரத்துக்குத் தனியாக ஒரு சிவப்பு முள். அதை நாலு பேருக்குக் காட்டாமல் மனிதர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார்.

"பத்திரிகையில ஒன்பதரைன்னு போட்டிருக்கு. பஞ்சாங்கம் நாகப்பட்டினத்துது. அங்க இப்பத்தான் ஏழரை. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குலா."

கோகிலாவின் அண்ணன் ஜெயபாலன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். "மாமா, பஞ்சாங்கத்துல இருக்கறதே ஏழரைதான். ரெண்டு மணி கூட்டித்தான் ஒன்பதரைன்னு அச்சடிச்சோம். இப்பவே கட்டணும்."

விநாயகத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் கறுத்ததிலேயே தெரிந்தது. ஆனால் பந்தல் நிறைய ஆள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பாழாய்ப்போன வீம்பு இறங்கி வர விடவில்லை.

"உலகம் சுத்தினவனுக்கு நீ மணி பாக்கச் சொல்லித் தர்றியாடா?" என்று ஜெயபாலனைக் கன்னத்தில் அறைந்தார்.

ஜெயபாலன் அந்தக் கையையே பிடித்து இழுத்தான். மிதிப்பதற்காக வைத்திருந்த அம்மியின் மேல் அதை அழுத்தி, குழவியால் ஓங்கி ஒரே போடு போட்டான். கண்ணாடி நொறுங்கியது, கூடவே எலும்பும். பெரியப்பா அலறியதைக் கேட்டதும் நடராஜனுக்குக் கண் மண் தெரியவில்லை. எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைத் தூக்கி வீசினான். அது ஜெயபாலனின் நெற்றிப் பொட்டில் இறங்கியது. சுடும் எண்ணெய் கோகிலாவின் கூறைப்புடவையில் தெறித்தது.

அதற்குப் பிறகு நாற்காலிகள் பறந்தன. பந்தல்கால்களைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். எல்லாரும் ஓய்ந்தபோது ஜெயபாலன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கோகிலா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

அரை மணியில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. நடராஜனின் தாய் சாரதாம்பாள் கோகிலாவின் காதருகே குனிந்தாள்.

"கால் வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிடும்மா. முகூர்த்தம் பதினொன்னு வரைக்கும் இருக்கு. நீ எங்க வீட்டுப் பொண்ணு."

கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். நடராஜன் தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். இப்போதும் அவன்மேல் அவளுக்கு ஆசை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நிச்சயமான நாளிலிருந்து, புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று, தனியாக இருக்கும்போதுகூட அவனை 'அவங்க' என்றுதான் சொல்லி வந்தாள்.

"யார் அடிச்சது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நடராஜன்," என்றாள் கோகிலா. "மருதமுத்து மகன் நடராஜன்."