இடது பக்கத்து முகம்

விளம்பரத்துக்கு வரவேண்டிய மாடல் அன்று வரவில்லை. கேமரா சோதனை அறையில், வெளிச்சம் சரிபார்ப்பதற்காக நாற்காலியில் உட்கார்ந்தவள் பாஞ்சாலி. இயற்பியல் படித்துவிட்டு, செய்யாறிலிருந்து பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்தவள். ஒரு கைபேசிக் கம்பெனியில் கேமராவைச் சோதிப்பது வேலை.

சந்தையில் முதலிடத்தில் இருந்த போட்டிக் கம்பெனியை ஆபீஸில் யாரும் பேர் சொல்வதில்லை. கன்னடத்தில் 'தொட்டவரு' என்பார்கள், பெரியவர். இந்த முறை அந்தப் பெரியவரை நேராகவே சீண்டுவது என்று முடிவாகியிருந்தது. ஒரே முகம், ஒரே மங்கிய வெளிச்சம். இடது பக்கம் அவர்கள் போன் எடுத்த படம், வலது பக்கம் நம்முடையது. மேலே ஒரு வரி: 'இன்னும் இருட்டிலேயே இருக்கணுமா?'

"உன் போட்டோவே போகட்டும் பாஞ்சாலி," என்றான் விளம்பரப் பிரிவு ஸ்ரீஹர்ஷா. "லேப்ல எடுத்ததை அப்படியே போடணும், கை வைக்கக்கூடாதுன்னு லீகல்ல சொல்லிட்டாங்க. ஹீரோயின் ஆயிட்டே போ!"

அவள் தலையாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாகப் பார்த்து, 'ஏய், அது நீதானே!' என்று ஒருவராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள். கேட்டால் எப்படிச் சிரிப்பது என்றுகூட தங்கியிருந்த பி.ஜி. விடுதியின் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

ஓசூர் ரோட்டில் விளம்பரப் பலகை ஏறிய மறுநாள், கம்பெனி வண்டி நெரிசலில் அதற்கு நேர் கீழே நின்றது. பக்கத்தில் அறைத்தோழி சுனிதா.

"தொட்டவருக்கு செம ஆப்புடி! லெஃப்ட்ல பாரேன், பாவம், கரிச்சட்டி மாதிரி எடுத்து வச்சிருக்கான். ரைட்ல எவ்ளோ லட்சணமா இருக்கா!"

"பாம்பே மாடலும்மா அது," என்றான் முன்சீட்டுக் கவியரசன். "நம்மகிட்ட ஏது அந்தக் கலரு?"

"இல்லியாடி?" என்று சுனிதா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"ஆமா," என்றாள் பாஞ்சாலி.

வலது பக்கத்துப் படம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். முகம் என்று கண்டுகொண்டால் போதும், வெளுக்க வைத்துவிடும் மென்பொருள். கண்ணாடியில் அவள் தினமும் பார்ப்பது இடது பக்கத்து முகத்தை.

அம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் போகாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தனியாக நடந்து போய், சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, கம்பெனி கொடுத்த போனில் பலகையைப் படமெடுத்தாள். ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் பதிவு வந்தது.

"யாருமா இந்தப் பொண்ணுங்க? ரெண்டும் ஒரே சாடையா இருக்குதுங்க, அக்கா தங்கச்சியா? நல்லா செவசெவன்னு இருக்குதுங்க. நீ சாப்ட்டியா?"

அப்போதுதான் அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். போன் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. பலகையில் இரண்டு முகங்களைக் கண்டுபிடித்து, இடது பக்கத்தையும் வெளுத்து வைத்திருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். மேலே அவள் அப்படியேதான் இருந்தாள். கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

'சாப்ட்டேன்மா' என்று அனுப்பினாள்.